செவிள்காரி

எந்திரம் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது. இந்த நம்பிக்கையில்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

புங்கம்பள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்க வந்த டாக்டர் அருளரசு மாதேஸ்வரியிடம் சொன்னதும் இதைத்தான். மலையைக் குடைந்து, எஃகில் கலக்கும் உலோகம் ஒன்றை எடுக்கிற சுரங்கம் அது. தாதுவைக் கழுவிய தண்ணீர் கழிவுக் குட்டையில் தேங்கும். அதில் சுண்ணாம்பைக் கொட்டித் தெளியவைத்து, மதகைத் திறந்து புங்கோடையில் விடுவார்கள். ஓடை கீழே பெரிய ஏரிக்குப் போகிறது.

"ஓடையில கெண்டை மீனுங்களை விட்டிருக்கோம்மா. ஒவ்வொண்ணோட நரம்புலயும் சின்னதா ஒரு சில்லு இருக்கு. உங்க காதுக்குப் பின்னால இன்னொரு சில்லு வைப்போம். மீனுக்கு மூச்சு முட்டினா உங்களுக்கும் முட்டும். அதுக்கு எரிஞ்சா உங்களுக்கும் எரியும்."

"அதைக் கம்ப்யூட்டரே படிச்சிக்கலாமே சார்? ஆளு எதுக்கு?"

அருளரசு சிரித்தார். தண்ணீரைக் கண்காணிக்கும் அரசு வாரியத்தின் பெரிய விஞ்ஞானி என்றாலும், கேள்வி கேட்டால் கோபப்படாத மனிதர்.

"படிச்சுதும்மா. வருஷக்கணக்கா படிச்சுது. எல்லாச் சுரங்கத்துலயும் தண்ணி சுத்தம், மீனு சுகம்னு சொல்லிச்சு. அந்தப் பக்கம் ஏரியில மீனு செத்து மெதந்துது. யாரு சம்பளம் குடுக்கிறாங்களோ அவங்களுக்குத் தோதாப் படிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கிடலாம். மனுஷ உடம்பை அப்படிப் பழக்க முடியாது."

அவள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். அது நாடித் துடிப்பையும் நடுக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். துடிப்பு ஒரு கோட்டைத் தாண்டினால் மதகு தானாக மூடிக்கொள்ளும். தண்ணீரை மறுபடி சுத்தம் செய்து காட்டும்வரை மேனேஜர் நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது.

சோதனை எல்லாம் முடிந்ததும் அருளரசு சொன்னார்: "நல்லாப் பேசுற உடம்பும்மா உங்களுது. லேசா ஊசி பட்டாக்கூட சொல்லிடுது."

மாதேஸ்வரிக்கு அது பெருமையாக இருந்தது. அதுவரை அவளுடைய எதையும் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

முதல் முறை அது வந்தபோது மதகுக்கு மேலே இருந்த மதகறையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல நாக்கில் ஒரு ருசி. மோர்தான் திரிந்துவிட்டதோ என்று டம்ளரைப் பார்த்தாள். அதற்குள் விலா எலும்புகளின் இடுக்கில் மிளகாய்த் தூளை அள்ளித் தேய்த்தது போல எரிந்தது. அறை நிறையக் காற்று இருந்தது; அவளுக்குத்தான் எட்டவில்லை. எங்கே ஓடுவது என்று தெரியாமல் உடம்பு எல்லாப் பக்கமும் ஓடப் பார்த்தது. நாற்காலியிலிருந்து விழுந்தாள். கீழே மதகு இறங்கி மூடும் சத்தம் கேட்டது. மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது.

அன்றைக்கு ஏரிக்கரை மீனவர்கள் வீடு தேடி வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் மதகு மூடினால் குட்டை நிரம்பும். குட்டை நிரம்பினால் தாது கழுவ முடியாது. கழுவ முடியாவிட்டால் வெட்டி என்ன பயன்? சுரங்கம் வாரக்கணக்கில் நின்றது. ஒப்பந்தத் தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களை நம்பியிருந்த மெஸ்ஸும் டீக்கடையும் பஞ்சர் கடையும் சாத்திக்கிடந்தன. மறுபடி திறந்து சில மாதங்களில் மதகு மறுபடி மூடியது. அதற்கப்புறம் இன்னொரு தடவை.

அவள் பெயர் ஊரில் மறைந்துபோனது; மீன் மூச்சுவிடும் செவிளே அவள் பெயரானது. "செவிள்காரி வர்றா" என்றார்கள்.

புருஷன் தீர்த்தகிரி அதே சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறவன். அவன் எதுவும் சொல்லவில்லை. நாத்தனார் கம்சலாவின் பேரனுக்குக் காது குத்திய அன்றுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பந்தியில் அவள் உட்கார்ந்ததும் இந்தப் பக்கம் இருந்தவள் குழந்தைக்குக் கால் கழுவிவிட எழுந்தாள். அந்தப் பக்கம் இருந்தவள் யாரையோ கூப்பிடப் போனாள். இரண்டு பேரும் திரும்பவில்லை. சோறு போட்டுக்கொண்டு வந்த பையன் அவள் இலையைத் தாண்டிப் போனான். எதிர் வரிசையில் தீர்த்தகிரி பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கம்சலாதான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். "இன்னாமே, கையெல்லாம் இப்படி நடுங்குது?"

"நாளைக்கு வேலைக்குப் போவணும்னு நெனைச்சாலே நெஞ்சு அடிச்சிக்குதுக்கா."

"எனக்கும் இப்படித்தான் படபடன்னு வரும். டாக்டர் குடுத்த மாத்திரை இருக்குது, ரெண்டு எடுத்துக்கினு போ. வேலைக்குப் போறப்ப ஒண்ணைப் போட்டுக்கோ. மனசு அடங்கிடும்."

பட்டை நாடித் துடிப்பைப் பார்த்துத்தான் மதகை மூடுகிறது என்று கம்சலாவுக்குத் தெரியாது. நல்ல மனசோடு கொடுத்தாள். மாதேஸ்வரியும் வேறெதையும் நினைக்காமல்தான் மறுநாள் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

அன்று மதகு திறந்த கொஞ்ச நேரத்தில் நாக்கில் அந்த ருசி வந்தது. எரிச்சல் வந்தது. மூச்சு முட்டியது. எதுவும் குறையவில்லை. ஆனால் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. நெஞ்சு, யாருக்கோ நடப்பதைப் பார்ப்பது போல, தன்பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. மதகு மூடும் என்று காத்திருந்தாள். மூடவில்லை. தண்ணீர் இரைச்சலோடு ஓடையில் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒவ்வொரு மீனாக அணைந்தது. அது, ஒரு விரல் மரத்துப்போவது போல இருந்தது. அப்புறம் அடுத்த விரல்.

எதிரே மேசையில் சிவப்புப் பொத்தான் இருந்தது. கையால் அழுத்தினாலும் மதகு மூடும். சட்டம் அதையும் வைத்திருந்தது. அவள் கை அதன்மேல் போனது. காலியான பந்தி நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

முதல் மாத்திரை தெரியாமல் போட்டது. இரண்டாவது மாத்திரை அப்படியல்ல. அதற்கப்புறம் மருந்துக்கடைக்கு அவளே போனாள். பக்கத்து ஊர்க் கடையாகப் பார்த்துப் போனாள்.

சுரங்கம் நிற்கவேயில்லை. மூன்று ஷிப்டும் ஓடியது. தெருவில் பெண்கள் "இன்னா மாதேசு, சாப்டியா?" என்று கேட்டார்கள். கோயில் கூழுக்கு வீட்டுக்கு வந்து அழைத்தார்கள். தீர்த்தகிரி வேலை முடிந்து விசிலடித்துக்கொண்டு வந்தான். மீனவர்கள் மட்டும் ஒருநாள் மதகறைக்குக் கீழே வந்து நின்றார்கள். "ஏரியில உளுவை மீனே இல்ல, ஆரலே இல்ல. ஒனக்கு ஒண்ணும் தெரியலியாம்மா?" என்று கேட்டார்கள். மேலேயிருந்து அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர்கள் அவளை நம்பினார்கள். நம்பியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உடம்பே சாட்சி சொன்ன பிறகு சந்தேகப்பட அவர்களுக்கு என்ன இருக்கிறது? மீன் வேறெங்கோ போய்விட்டது என்று பேசிக்கொண்டே போனார்கள். செத்த கெண்டைகளுக்குப் பதிலாக வாரியத்து ஆட்கள் வளர்ப்புக் குளத்திலிருந்து சில்லு வைத்த புதுக் கெண்டைகளைக் கொண்டுவந்து ஓடையில் விட்டார்கள். வலி முன்பின் தெரியாத அவை வந்த சில நாட்கள் அவள் உடம்பெல்லாம் குளிர்ச்சியாக, ஒரு சின்னத் துள்ளலோடு இருக்கும். அந்த நாட்களைத்தான் அவள் மிகவும் வெறுத்தாள்.

மாத்திரை போடத் தொடங்கிய இரண்டாம் வருஷக் கடைசியில் அருளரசு வந்தார். சுரங்கத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மத்தச் சுரங்கத்துல எல்லாம் உங்களை மாதிரி சில்லு வச்ச உணரிங்க லேசா எதுன்னாலும் துடிச்சிடுறாங்கம்மா. அது மீனோட வேதனையா, அவங்க பயமான்னு எங்களால பிரிச்சுப் பார்க்க முடியல. இங்க அதே தண்ணி, அதே மீனு. உங்க உடம்பு அமைதியா இருக்கு. அப்படின்னா இந்த அளவுக்கு மீனுக்கு வேதனையே இல்லைன்னுதானே அர்த்தம்?"

"மீனு சாவுதே சார்" என்றாள் மாதேஸ்வரி. அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாவு வேற, வேதனை வேறம்மா. மீனு பல காரணத்துல சாகும்." அவர் அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். "தண்ணியில எவ்வளவு கழிவு இருக்கலாம்ங்கிற வரம்பை நாடு முழுக்க மாத்தப்போறோம். உங்க உடம்புதான் இனிமே அளவுகோல். புங்கம்பள்ளி வரம்புன்னே பேரு வச்சிருக்கோம்."

கை தட்டினார்கள். தீர்த்தகிரி முன்னால் வந்து நின்று போட்டோ எடுத்தான். சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். "ரொம்ப நன்றிங்க சார்" என்று வந்தது. பொன்னாடை தோளில் ஈரத் துணிபோலக் கனத்தது.

அடுத்த மழைக்காலத்தில் நஸ்ரின் வந்தாள். கிழக்கே ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்தில் உணரியாக இருந்தவள். கல்யாண வயசுப் பெண். இரண்டு பஸ் மாறி, விலாசம் விசாரித்து, நனைந்துபோய் வாசலில் நின்றாள்.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்க்கா. உங்க பட்டையோட பதிவைப் போட்டுக் காட்டித்தான் எங்களுக்குப் பாடமே நடத்துறாங்க."

மாதேஸ்வரி அவளை உள்ளே கூட்டி, துண்டு கொடுத்து, டீ போட்டுக் கொடுத்தாள். நஸ்ரின் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மதகு தெறந்தா எனக்குத் தோலை உரிக்கிற மாதிரி இருக்கும்க்கா. கத்திடுவேன். உங்க வரம்புக்குப் பாதிகூட வராத தண்ணிக்கே அப்படி. டாக்டருங்க என் நரம்புலதான் கோளாறுன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. பேசி முடிச்ச சம்பந்தம் அதோட நின்னுபோச்சு. வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அம்மா மட்டும் தொழுது முடிச்சு என் தலையில ஊதிட்டுப் போறாங்க." நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு வலிக்கவே இல்லையாக்கா?"

பக்கத்து அறையில் தீர்த்தகிரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் பெல்ட் மாட்டும் சத்தம் நின்றது. அவனும் பதிலுக்காகக் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"இல்லம்மா" என்றாள் மாதேஸ்வரி. "வலிக்கல."

நஸ்ரின் தலையை மெல்ல ஆட்டினாள். அழவில்லை. "அப்ப கோளாறு எனக்குத்தான்" என்றாள். டீயை மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, துண்டை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாதேஸ்வரி அடுப்படியிலேயே நின்றாள். மீன்கள் செத்ததைக்கூட இத்தனை நாள் எப்படியோ தாங்கியிருந்தாள். அவற்றுக்கு முகம் இல்லை. இந்தப் பெண்ணுக்கு இருந்தது. மழையில் குடையைக்கூட எடுக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது.

மறுநாள் மாத்திரை போடாமல் வேலைக்குப் போனாள். மதகு திறந்தது. இரண்டு வருஷமாக அடக்கிவைத்த உடம்பு, அணை உடைந்தது போலக் கத்தியது. மதகு மூடியதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. கண் விழித்தபோது சுரங்கத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அருளரசு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு ஓய்வு வேணும்மா. நரம்பு தளர்ந்துபோயிருக்கு."

"நரம்பு நல்லாத்தான் இருக்குது சார். நேத்து வரைக்கும் மாத்திரை போட்டேன். படபடப்புக்குப் போடுற மாத்திரை. இன்னிக்குப் போடல."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். திடீரென்று வயசானவராகத் தெரிந்தார்.

"ரெண்டு வருஷமும் உங்களுக்கு வலிச்சுதா?"

"எல்லாம் வலிச்சுது சார். உடம்புதான் சொல்லல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல."

அவர் எழுந்துகொண்டபோது அவள் கையைத் தொட்டார். "நான் பார்த்துக்கறேன்மா. நீங்க சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம்." அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கியது போல இருந்தது.

காதுக்குப் பின்னாலிருந்த சில்லை எடுத்துவிட்டு, உடல்நிலை காரணம் என்று வேலையிலிருந்து விடுவித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தீர்த்தகிரியிடம் சொன்னாள். அவன் பாய் விரித்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"உன் புடவை மடிப்புல மாத்திரை அட்டை கெடக்கிறதை எப்பவோ பார்த்தேன்."

"கேக்கவே இல்லியே."

"கேட்டா நீ நிறுத்திடுவியோன்னு இருந்துச்சு." அவன் பாயின் ஓரத்தை நேராக்கிக்கொண்டே இருந்தான். நேரான பிறகும் விடவில்லை. அன்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படுத்தார்கள்.

வரம்பு மாறும் என்று காத்திருந்தாள். அருளரசிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போன் செய்தால் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். புங்கம்பள்ளி மதகறைக்கு வேறொருத்தி வந்தாள். சுரங்கம் நிற்கவில்லை. எங்கேயுமே எந்த மதகும் மூடியதாகச் செய்தி வரவில்லை. வாரியம் என்ன செய்கிறதோ செய்யட்டும், அந்தப் பெண்ணிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் காலையில் கிளம்பினாள். தீர்த்தகிரி பஸ் ஏற்றிவிட்டான். "நானும் வரட்டுமா?" என்றான். "வாணாங்க, இது என்னுது" என்றாள்.

நஸ்ரினே கதவைத் திறந்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கையில் புது மருதாணி சிவந்திருந்தது.

"மறுபடி வேலைக்கு எடுத்துட்டாங்கக்கா! கோளாறு சரியாயிடுச்சு. நின்ன சம்பந்தமும் திரும்பி வந்துடுச்சு."

"எப்படிம்மா சரியாச்சு?"

"வாரியத்துல புதுசா சிகிச்சை வந்திருக்கு. எல்லா உணரிக்கும் குடுக்கிறாங்க. அருளரசு சார் கண்டுபிடிச்சதாம். ஷிப்டுக்கு முன்னால டாக்டரே வந்து ஒரு மாத்திரை குடுப்பாரு. நம்ம பயத்தை அது அடக்கிடுமாம். மீனு சொல்றது மட்டும்தான் மிஞ்சுமாம். மதகு மூடவே இல்லக்கா இப்பல்லாம்." அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "நானும் உங்களை மாதிரியே ஆயிட்டேன்."

மாதேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அருளரசின் கண் கலங்கியது எதற்கு என்று இப்போது புரிந்தது. வெட்கப்பட்டு அல்ல. வழி கிடைத்துவிட்டது என்று.

"நஸ்ரின், மதகு தெறக்கிறப்போ இன்னா ஆவுது உனக்கு? உள்ள?"

சிரிப்பு போனது. அவள் தெருக்கதவைப் பார்த்தாள், உள் அறையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வலிக்குதுக்கா. கத்தவும் வரமாட்டேங்குது, அதனால முன்னைவிட அதிகமா வலிக்குது. ஆனா பட்டையில ஒண்ணும் காட்டறதில்ல. அதனால அது மிச்சமிருக்கிற கோளாறுன்னு நெனைச்சிக்குவேன்."

"அது கோளாறு இல்லம்மா. எனக்கும் வலிச்சுது. மொத நாள்லேருந்து கடைசி நாள் வரைக்கும் வலிச்சுது. நானும் அந்த மாத்திரையைத்தான் திருட்டுத்தனமாப் போட்டேன். நீ வந்து கேட்டப்ப பொய் சொன்னேன். உன் உடம்பு நல்ல உடம்பு. பொய் சொன்னது என்னுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஊருல ஒரு சோத்து இலைக்காகச் செஞ்சேன். மீனைக் கொன்னேன். உன்னைப் பைத்தியம்னு சொல்ல வச்சேன்."

நஸ்ரின் அவளையே பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மாதேஸ்வரி தலையைக் குனிந்து காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. மருதாணிக் கையால் அந்தப் பெண் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள், பட்டை இருக்கும் இடத்தை.

"அம்மா உள்ளதான் இருக்காங்க" என்றாள் கடைசியில். "அவங்க காதுபட இதை இன்னொரு தடவை சொல்லுங்க. இன்னிக்கு டாக்டர் குடுக்கிற மாத்திரையை முழுங்கமாட்டேன், ஷிப்டுல மதகு மூடும். அப்ப அவங்களுக்குக் காரணம் தெரிஞ்சிருக்கணும்."

மாதேஸ்வரி சுவரைப் பிடித்து எழுந்தாள். உள்ளே ஒரு அம்மாள் தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். விருந்தாளியைப் பார்த்ததும், மகளுக்கு வழிகாட்டிய புங்கம்பள்ளிக்காரி இவள்தான் என்று அடையாளம் கண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"தொடாதீங்கம்மா" என்றாள் மாதேஸ்வரி. "மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."